கண்ணில் ஒற்றிய நாவல்

அடுத்தவர் வீட்டைத் துடைக்கிற தொழிலில் ஒரு வசதி: வீட்டுக்காரரைப் பற்றி அவருடைய பெண்சாதி பிள்ளைகளுக்குத் தெரியாததும் நமக்குத் தெரிந்துவிடும். பலேர்மோவில் என்னோடு தும்புத்தடி பிடித்துக் கூட்டித் துடைக்கும் சகோதரங்களே, இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நம்மையே உற்றுப் பார்க்கிற ஒருவரிடம் மாட்டியிருக்கிறீர்களா? நான் மாட்டினேன்! வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அமெரிக்க நாவலாசிரியை. உலகப் புகழ் பெற்றவராம். நான் சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு மாதம் வேலை பார்த்துப் பிடித்திருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். அந்தக் கையெழுத்து இல்லாமல் என் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப்படாது. அவர் இத்தாலியனில் சொன்னவற்றை நம்முடைய தமிழில் தருகிறேன்.

யார் துடைத்தது?

முதல் நாள் காலை எட்டு மணிக்குப் போனால் குசினி பளபளவென்று இருக்கிறது. கோப்பைகள் கழுவியாயிற்று, அடுப்பு துடைத்தாயிற்று. அதற்குள் வேறு ஆள் பிடித்துவிட்டாரா?

“சிஞ்ஞோரா, ஆர் இதெல்லாம் துடைச்சது?” என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெட்கப்பட்டார்.

“நான்தான். நீர் வாறதுக்கு முன்னம் துப்புரவாக்க வேணுமெண்டு விடியவே எழும்பினனான். மனிசருக்கு அடுத்தவன்ரை ஊத்தையைப் பாக்க ஆசை, தன்ரை ஊத்தையைக் காட்ட வெக்கம். அதாலைதான் நான் நாவல் எழுதிறன். அதிலை பேரை மாத்திப் போடலாம்.”

வெள்ளிக்கிழமை மீன்

இரண்டாம் கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். கடற்கரையோரக் கடை. பரிமாறுகிறவர் பெரிய மீனொன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் மாமிசம் ஒண்டும் சாப்பிட மாட்டன்” என்றேன்.

“வெள்ளி எண்டபடியாலைதானே மீன் கொண்டு வந்தனான்!” என்றார் பரிமாறுகிறவர். கத்தோலிக்கர்களான அவர்களுக்கு வெள்ளியில் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். மீனும் உயிர்தானே என்றேன் நான். மீனையும் விட்டால் அது விரதமில்லை, பட்டினி என்றார் அவர். பக்கத்து மேசைக்காரர்களும் நியாயம் சொல்ல வந்துவிட்டார்கள். நான் விடுவேனா! வெறும் பாணும் தக்காளியும் சாப்பிட்டேன். சிஞ்ஞோரா தன் மீனையும் என் மீனையும் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்தார்.

“ரெண்டு பேருக்கும் விரதம். ஆனா மற்றவன் பிழையா விரதம் பிடிக்கிறான் எண்டு தெரிஞ்ச உடனை ரெண்டு பேருக்கும் வயிறு நிறைஞ்சிட்டுது.”

கால் பட்ட கடதாசி

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. எப்போதும் பூட்டியிருக்கும் எழுதுகிற அறை அன்று திறந்து கிடந்தது. சிஞ்ஞோரா சந்தைக்குப் போயிருந்தார். உள்ளே போனால் நிலம் முழுக்கக் கடதாசி! என் கால் ஒன்றில் பட்டேவிட்டது. பதறிப்போனேன். எழுத்தென்றால் சரஸ்வதி அல்லவா? காற்றுத்தான் பறக்கவிட்டிருக்கிறது என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி, தட்டி அடுக்கி மேசையில் வைத்தேன். நிலத்தையும் துடைத்தேன். பெருமை வேறு!

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். எந்த அத்தியாயத்துக்குப் பின்னால் எது வரவேண்டும் என்று மூன்று கிழமையாகப் பரப்பி வைத்த ஒழுங்காம் அது. பக்க எண்கூடப் போடவில்லையாம். பெர்மெசோ போய்விட்டது, இனி பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன்?

“ஏன் எடுத்தனீர்?” என்று கத்தினார். எனக்கு இத்தாலியன் வரவில்லை. ஒரு தாளை நிலத்தில் வைத்துக் காலால் தொட்டேன். உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் இத்தாலியனில் சொல் வந்தது.

“கால் பட்டிட்டுது. அதுதான் மன்னிப்புக் கேட்டனான்.”

“ஆரிட்டை?”

“கடதாசியிட்டை.”

சிஞ்ஞோரா அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“நாப்பது வருசமா எத்தினையோ விமர்சகர்மார் என்ரை எழுத்தை மிதிச்சுப்போட்டுப் போயிருக்கினம். அதிட்டை மன்னிப்புக் கேட்ட முதல் மனிசன் நீர்தான். அந்த ஒப்பந்தத்தை இஞ்சை கொண்டு வாரும்.”

ஆகவே சகோதரங்களே, வேலையை ஒழுங்காகச் செய்தால் சம்பளம்தான் கிடைக்கும், பெர்மெசோ வேண்டுமென்றால் மனதாரப் பிழைவிட வேண்டும்.