சொதிக்கு எத்தனை நடை

செட்டிபாளையத்திலிருந்து தவமணி அக்காவின் மகள் அழைத்து அக்கா காலமான செய்தியைச் சொன்னபோது, நான் ஏறாவூரில் எங்கள் வழக்கமான சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த றிஸ்வான் என் முகத்தைப் பார்த்துக் கறிச்சட்டியைக் கீழே வைத்தார். "தவமணி மிஸ்ஸா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தாறுமூலை அலுவலகத்தில் அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய கணக்குத் தெரியும். அந்தக் கடையில் கறி எத்தனை தரம் கேட்டாலும் விலை ஒன்றுதான். நான் பில்லில் நூற்றுக்குப் பத்து என்று சந்தோசக் காசு பார்த்தால் அக்கா சிரிப்பார். "சோத்துக்கு விலை கடைக்காரன் போடுறான். நாம அவன எத்தின தரம் நடக்க வச்சம் எண்டு பாரு புள்ள." தேங்காய்ப்பால் சொதியைத் திரும்பத் திரும்பக் கேட்பது நான்தான்; நடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் என் பங்குதான் எப்போதும் கூட வரும். "உன்ட சொதிதான் புள்ள நம்மள முடிக்குது" என்பார்.

ஒருமுறை அலுவலகப் பிரியாவிடை விருந்தை அங்கே வைத்தோம். றிஸ்வானுக்கென்று எல்லோரும் சேர்த்த காசை அக்கா பீங்கான் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். அதுதான் நாகரிகம் என்று நாங்களும் நினைத்தோம். மறுநாள் போனபோது றிஸ்வான் இல்லை. அவருடைய பையில் இருந்த காசு கல்லா லாச்சியிலிருந்து எடுத்தது என்று சொல்லி முதலாளி வேலையால் நிறுத்தியிருந்தார்.

அக்கா நேரே முதலாளியிடம் போனார். "அது நான் வச்ச காசு முதலாளி. கையில குடுத்திருக்கோணும், நீங்க பாக்கக் குடுத்திருக்கோணும். பிழை என்ட." முதலாளி யோசிப்போம் என்றார். அக்கா நடு மேசையில் போய் உட்கார்ந்தார். றிஸ்வான் வந்து பரிமாறினால்தான் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார். மத்தியான நெரிசல், ஆட்கள் இடம் தேடி நிற்கிறார்கள், அக்கா தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் முதலாளியே தொலைபேசி எடுத்து றிஸ்வானைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்.

அதன்பின் அக்கா காசை மேசையில் வைத்ததே இல்லை. எழுந்து நின்று, முதலாளி காண, "றிஸ்வான் மனே, இது உனக்கு" என்று மகனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு றிஸ்வானும் வந்திருந்தார். யாரும் சொல்லாமலே சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நடந்தார். என்னிடம் இரண்டாம் தரம் வந்தபோது, பழக்கத்தில் என் கை கைப்பைக்குப் போனது.

"உள்ள வைங்க மிஸ்," என்றார். "இண்டைக்கு நடக்கிறது நான் அவவுக்குக் குடுக்கிறது."

கைப்பையை மூடினேன்.

எந்த ஊரில் சாப்பிட்டாலும் இப்போது எழுந்து நின்று, பெயர் கேட்டு, எல்லோரும் காணக் கொடுக்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். சொதி கேட்பதை மட்டும் குறைக்க முடியவில்லை.