சம்பந்தியம்மா கொண்டுவந்த கம்பளித் துணி

என் மகள் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்யும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்னபோது நானும் என் கணவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. கல்யாணம் நம் முறைப்படி சிதம்பரத்தில் நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும் வந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்து மகளோடு கிளம்பி, நேராகச் சிதம்பரத்தில் அவர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனோம். பெட்டியிலிருந்து நீளமான கம்பளித் துணி ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தார். பச்சையும் கருநீலமும் கறுப்புமாகக் கட்டம் போட்டது. டார்ட்டன் என்றார். அவர் கணவரின் குடும்பத்துக்கென்றே உள்ள கட்டமாம். கல்யாணம் முடிந்ததும் மாமியார் அதை மருமகளின் தோளில் போட்டு ஊசி குத்திவிடுவாராம். இனி நீ எங்கள் வீட்டுப் பெண் என்று அர்த்தம்.

என் கண் அந்தக் கறுப்பிலேயே நின்றது. வெளியே வந்ததும் மகளிடம் சொன்னேன்.

"தாலி கட்டின கையோட கறுப்பு போடுறதா? சொந்தக்காரங்க என்னா சொல்லுவாங்க? வேணாம்னு சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேம்மா. நீயே போயி சொல்லு."

போய்ச் சொன்னேன். நான் தமிழ் டீச்சர். தெரிந்த இங்கிலீஷில் கறுப்பு, கல்யாணம், ஆகாது என்று தடுமாறினேன். அவர் கோபப்படவில்லை. பரவாயில்லை என்று துணியை மடித்து வைத்தார். முகம் மட்டும் சிவந்திருந்தது.

ஆட்டோவில் என் கணவர், "அந்தம்மா இவ்ளோ தூரம் தூக்கினு வந்திருக்காங்க" என்றார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் சொந்தக்காரர்கள் போட்டோவுக்காக மேடையேறினார்கள். கூட்டம் ஏற ஏற, சம்பந்தியம்மா ஒதுங்கி ஒதுங்கிக் கீழே இறங்கிவிட்டார். முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் விருந்தாளி மாதிரி. எனக்கு வெட்கமாகிவிட்டது. இறங்கிப் போய் அந்தத் துணி எங்கே என்று கேட்டேன். கைப்பைக்குள்தான் இருந்தது.

"கறுப்பு?" என்றார்.

"கொண்டு வாங்க" என்று தமிழிலேயே சொல்லிக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தேன்.

புடவைத் தலைப்பு இடது தோளில் இருந்தது. அவர்கள் ஊரில் பெண்களுக்கு வலது தோளில்தான் போடுவார்களாம். அதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் அவர் கொண்டுவந்த வெள்ளி ஊசி ஆணி கனத்துக்கு இருந்தது. குத்தினால் பட்டு ரவிக்கை கிழிந்துவிடும். என் தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்கு இரண்டைக் கழற்றினேன். அவர் துணியைப் பிடித்துக்கொள்ள, நான் உள்பக்கமாகக் குத்தினேன். ஏதோ சடங்கு என்று நினைத்து மேளக்காரர் தானாகவே கெட்டிமேளம் வாசித்துவிட்டார்.

முதுநகரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் கிட்டே வந்தார்.

"என்னா அண்ணி இது, பரிவட்டமா?"

"அவுங்க வூட்டு முறை."

"கறுப்பு இருக்குதே?"

"இருக்கட்டும்."

அவர் ஒரு நிமிடம் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனார். மகளுக்கு அந்தக் கம்பளியில் வேர்த்துக் கொட்டியது. பாயசம் சாப்பிட்டு இலையை மடிக்கும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.