வாசலின் ஒரு பக்கம்

கல்லிலும் நார் உரிப்பவள் என்று ரக்கியாவுக்குப் பெயர். மராகேஷ் நகர ஓரத்தில் ஹாஜ் துஹாமியின் ஆலிவ் ஆலைக்குள் ஆணி முதல் லாரி டயர் வரை எல்லாம் அவள் பேரம் பேசிய பிறகுதான் நுழையும். கணவன் போனபின் இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததும் அந்த வாயை வைத்துத்தான். அவள் விலை கேட்க வந்தால் வியாபாரிகள் முதலில் தேநீருக்குச் சொல்லிவிடுவார்கள். சீக்கிரம் முடியாது என்று தெரியும்.

சராக்னா தோட்டங்களிலிருந்து உப்புநீரில் ஊறிய ஆலிவ் நீலப் பீப்பாய்களில் வரும். வாசலில் நின்று எண்ண ஆட்கள் இருந்தார்கள். அவர்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு, பீப்பாய்க்கு ஒரு மின்னணுச் சில்லு ஒட்டி, வாசலில் அதைப் படிக்கும் ரீடர் வைத்தால், லாரி நுழையும்போதே கணக்கு கணினியில் ஏறிவிடும் என்று ஹாஜ் முடிவு செய்தார். எந்த ரீடர், எத்தனை என்று தேர்ந்தெடுப்பது ரக்கியாவின் பொறுப்பு.

விற்க வந்தவர் காசாபிளாங்காக்காரர். வாசலின் இரண்டு பக்கமும் ரீடருக்கு ஆண்டெனா வேண்டும், நிரம்பிய பீப்பாய்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். ரக்கியாவுக்கோ அவர் வேண்டாத சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பதாகப் பட்டது. அது ஆகஸ்ட், அறுவடையே தொடங்கவில்லை. காலிப் பீப்பாய்களை ஏற்றி லாரியை ஓட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்து ஆண்டெனாவே அத்தனையையும் படித்துவிட்டது. மறுபக்கத்துக்கு ஆண்டெனா வேண்டாம் என்றாள். ஹாஜ் எல்லோர் முன்னாலும் மெச்சி, கொள்முதலுக்கே அவளைத் தலைவியாக்கினார்.

நவம்பரில், தோட்டத்தில் ஏற்றியதைவிடக் கணினியில் பீப்பாய்கள் குறைய ஆரம்பித்தன. ஒரு நாள் நாலு, ஒரு நாள் ஏழு. சராக்னா வழியில் ஓடுவது எம்பாரெக்கின் லாரி ஒன்றுதான். இருபது வருடமாக அவர்தான் ஓட்டுகிறார். வழியில் இறக்கி விற்கிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. முற்றத்தில் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பதைப் பருவ நேரத்தில் யார் எண்ணுவது? மிஷின் பொய் சொல்லாது என்றார்கள். ரக்கியாவும்தான் சொன்னாள். ஹாஜ் சாவியை வாங்கிக்கொண்டு எம்பாரெக்கை வீட்டுக்கு அனுப்பினார். திங்கட்கிழமை போலீசில் புகார் கொடுப்பதாக முடிவாயிற்று.

மறுநாள் வேறொரு ஓட்டுநர் லாரியைக் கொண்டுவந்தார். அதிலும் குறைந்தது.

ரக்கியா வாசலுக்கு ஓடினாள். லாரியை வெளியே எடுத்துப் பின்பக்கமாக உள்ளே விடச் சொன்னாள். காணாமல் போனவை திரையில் வந்தன. சற்றுமுன் வந்தவற்றில் பல மறைந்தன. காலிப் பீப்பாய்க்குள் ஊடுருவிப் போன ரேடியோ அலையை இப்போது உப்புநீர் விழுங்கிக்கொண்டிருந்தது. ஆண்டெனா இல்லாத பக்கத்து வரிசையை ரீடர் பார்க்கவே இல்லை.

ஹாஜ் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பீப்பாய் கெடைச்சிருச்சுன்னு சொல்லி அவனைக் கூப்பிட்டுக்கலாம்மா. உன் பேரு எதுக்கு இதுல?"

"கெடைச்சிருச்சுன்னா, பயந்துபோய்த் திருப்பிக் குடுத்துட்டாருன்னுதானே பேசுவாங்க, ஹாஜ். நான் வாங்கினதுதான் தப்புன்னு முற்றத்துல சொல்லிடறேன்."

"சொன்னா அந்த நாற்காலி உனக்கு இல்ல. தெரியுமில்ல?"

தெரியும் என்றாள். அன்றே முற்றத்தில் ஆட்களைக் கூட்டி, எம்பாரெக் எதையும் எடுக்கவில்லை, தவறு தன்னுடையது என்று சொன்னாள். கல்லில் நார் உரித்தவள் கையையும் உரித்துக்கொண்டாள் என்று பின்னால் ஒருவன் சிரித்தான். உடம்பு கூசியது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு எம்பாரெக் வீட்டுக்குப் போனாள். கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி தாமு இவளுக்கும் ஒரு கரண்டி வைத்தாள், முகம் பார்க்கவில்லை. ரக்கியா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். எம்பாரெக் 'லல்லா' என்ற மரியாதை குறையாமல் கேட்டார்.

"அந்தப் பக்கம் வைக்காம எவ்வளவு மிச்சம் புடிச்சீங்க, லல்லா?"

"மூவாயிரம் திர்ஹம்."

அவருடைய ஒரு மாதச் சம்பளம் அது. எம்பாரெக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."