கீழிருந்து வருகிறது என்று நான் சொன்னது

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்கு உதிரிப் பாகம் விற்பது என் தொழில். விண்வெளியைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து படித்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பேசச் சொல்லி நூலகர் அம்மா அழைத்தார். எனக்கு ஒரே ஆசை: எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோ எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமாவது கேட்பவர்களுக்குப் புரிந்துவிட வேண்டும்.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள், துளை போட்டே பிழைப்பவர்கள். தென்துருவப் பனிக்கட்டியில் சுடுதண்ணீரைப் பாய்ச்சி எட்டாயிரம் அடிக்குத் துளை போட்டிருக்கிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“பாறையக் கொடையற பிட்டே இல்லாமலா? அப்ப உங்க கடைய மூட வேண்டியதுதானுங்க,” என்றார் போர்வெல் லாரி வைத்திருக்கும் ரிக் ஓனர் ஒருவர்.

சிரிப்பு அடங்கியதும் தொடர்ந்தேன். துளைகளுக்குள் ஒளியுணரும் கருவிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நியூட்ரினோ பனிக்கட்டியில் மோதினால் நீல வெளிச்சம் கோடாக ஓடும். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் வந்த திசை தெரியும். அதுவரை சரி. “பல கோடுகள் கீழிருந்து மேலே வருகின்றன” என்றேன் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

துளையிலிருந்து எது மேலே வந்தாலும் அது அடியில் இருப்பதுதான். தொழில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது. ‘புழுதி பொய் சொல்லாது’ என்பார்கள். அதன் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன பாறை என்று சொல்லிவிடுவார்கள்.

“ஊத்து எத்தன அடியிலங்க?” என்றார் அதே ரிக் ஓனர்.

“ஊத்தே இல்லீங்க. பூமிக்கு அந்தப் பக்கத்து வானத்துல இருந்து உள்ள பூந்து இந்தப் பக்கம் வருது.”

“எங்க பிட்டு ஆயிரம் அடிக்கே தேஞ்சு போகுது. அது முழுப் பூமியத் தொளச்சுட்டு வருதாக்கும். ஆருகிட்டச் சொல்றீங்க?”

தொலைதூரப் பெரும் கருந்துளைகளின் சுற்றுப்புறத்திலிருந்து சில வருவதாக நினைக்கிறார்கள், அவ்வளவு தொலைவிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை எங்கே பிறக்கின்றன என்று இன்னும் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

“தெரியலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அடியிலயும் இருக்கலாமுல்லங்க?”

கூட்டம் முடிந்ததும் நூலகர் பதிவேட்டில் எழுதினார்: ‘பூமிக்கடியில் ஊறும் நியூட்ரினோ.’ பேனாவை வாங்கி அடிக்கப் போனேன்.

“இருக்கட்டுங்கண்ணா. போன தடவை நாலு பேருதான் வந்தாங்க. இன்னிக்கு ஒருத்தருகூட எந்திரிச்சுப் போகல.”

அடித்துத் திருத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன். வாசலில் ரிக் ஓனர் காத்திருந்தார்.

“சேந்தமங்கலத்துப் பக்கம் நம்ம காடு ஒண்ணு வெள்ளாம இல்லாம சும்மா கிடக்குதுங்க. நம்ம வண்டியிலயே ஒரு தொள போட்டு, அது ஊறுதான்னு பார்த்துருவமா?”

கேலியே இல்லாமல், அவ்வளவு அன்பாகக் கேட்டார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.