மூன்று சாப்பாட்டுக் கடையும் ஒரு வேன் கதவும்

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது இது.

கிள்ளானில் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை எனக்கு. இருபத்தெட்டு வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். ஒரு விபத்துகூட இல்லை. அப்படிப்பட்ட என்னைப் போய்ப் பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சிக்குக் கம்பெனி அனுப்பியதில் ஏகப்பட்ட கோபம். போதாததற்கு, சொல்லிக்கொடுக்க வந்தவர் என் மகள் வயதுப் பெண்.

கிள்ளானிலேயே, பயிற்சிக்கு வந்த எங்கள் நான்கு பேர் ஹெல்மெட்டிலும் மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டிவிட்டு, தன் மோட்டாரில் பின்னாலேயே வந்தார். ரோட்டில் பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டுமாம்.

பிரிக்பீல்ட்ஸ் சிக்னலில் நிற்கும்போது, "இவ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் மோட்டார் ஓட்டினவன்" என்று முணுமுணுத்தேன்.

உடனே காதுக்குள் குரல். "சரிங்க அங்கிள். ஆனா ஹைவேல இருந்து உங்க லெஃப்ட் சிக்னல் எரிஞ்சிக்கிட்டே வருது லா."

மற்ற மூவரும் சிரித்தது நான்கு ஹெல்மெட்டிலும் கேட்டது. அடுத்து என் முறை. வீம்புக்கு உரக்க ஆரம்பித்தேன்.

"இடது பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அடுத்தது முறுக்குக் கடை, சூடா போடறாங்க. அதுக்கடுத்து ரொட்டி சானாய்..."

"மூணு கடையும் கரெக்ட் அங்கிள். முன்னாடி நிக்கிற வேன்ல, டிரைவர் சீட்ல ஒரு தலை தெரியுதே? ஸ்லோ! தள்ளிப் போங்க!"

நான் அந்தத் தலையைப் பார்க்கவே இல்லை. எரிச்சலோடு பிரேக் பிடித்து, வலது பக்கம் விலகினேன். அதே நேரம் வேன் கதவு சடாரென்று முழுசாகத் திறந்தது. என் முட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். இறங்கியவர் போனில் பேசிக்கொண்டே, "சாரி பாஸ்" என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓரமாக நிறுத்தினேன். பயிற்சி கொடுத்த பெண் வந்து திட்டப்போகிறார் என்று நினைத்தால், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கையுறையைக் கழற்றி, மணிக்கட்டில் இருந்த நீளமான தழும்பைக் காட்டினார்.

"எனக்கும் ஒரு கார் கதவுதான் அங்கிள். என்னைத் தள்ளிப் போகச் சொல்ல அன்னிக்குப் பின்னாடி யாரும் வரல."

"நான் முணுமுணுத்தத மனசுல வச்சிக்காதம்மா" என்றேன். மைக் இன்னும் ஆனில் இருந்தது.

"மன்னிச்சிட்டோம் அண்ணே!" என்று மற்ற மூவரும் கோரஸாகச் சொன்னார்கள்.

விபத்தே நடக்காததால் நான் கெட்டிக்காரன் என்று இருபத்தெட்டு வருடம் நம்பியிருந்தேன். அத்தனை வருடமும் எத்தனை கதவுகள் நான் கடந்துபோன பிறகு திறந்தனவோ என்று இப்போதெல்லாம் அடிக்கடி யோசிக்கிறேன்.