யாருடைய ஆயுள்?

என் தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். பத்தொன்பது வருடங்களாக அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில்தான் அவனுடைய பகல்கள் கழிகின்றன. வீட்டில் அவன் பெயர் டிங்கு. நான்கு வயதில் முதன்முதலாக லிஃப்டில் ஏறி இறங்கியவன், அன்று முழுவதும் எந்தக் கதவைத் தாண்டினாலும் ‘டிங்’ என்று சொல்லிக்கொண்டே போனான். சமையலறைக்கு ஒரு டிங், குளியலறைக்கு ஒரு டிங். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவன் இசையும் அமைப்பான். அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை. நான் சொல்வேன். என் தையல் கடையில் அளவு கொடுப்பவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது தப்பித்து ஓட முடியாது அல்லவா?

கம்பிவடம் இழுபடும் முனகல், கதவு மூடும் பெருமூச்சு, ஆளில்லாத லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கும்போது வரும் மெல்லிய ரீங்காரம். இவற்றைச் செல்போனில் பிடித்து வருவான். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் வைத்து அவற்றை நீட்டுவான், ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைப்பான். கேட்டால் கட்டடமே தூக்கத்தில் மூச்சு விடுவது போலிருக்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஏழாவது மாடி, எட்டாவது மாடி என்று ஏறும். கட்டடம் முடிந்த பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் ஒரு கதவு திறக்கும்.

சென்ற வருடம் ஒரு வேலை முடிந்து லிஃப்டுக்காகக் காத்து நின்றிருக்கிறான். முதுகுக்குப் பின்னால் இருந்த லிஃப்ட் வந்து, மணி அடித்து, திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. இவன் நின்றுகொண்டே இருந்தான். கூட வேலை செய்பவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, உச்ச ஸ்தாயியில் இருக்கும் ஒலிகள் முதலில் போகும், மற்றவை மெதுவாகக் குறையும், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது என்றார். டிங்குவுக்கு முதலில் போனது அந்த டிங்தான்.

இந்த நேரம் பார்த்து அவனுடைய பழைய மென்பொருள் நின்றுபோனது. புதியதை ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதன் பிறகு இரண்டு வழி. ஒரே தடவை பெரிய தொகை கட்டினால் ஆயுள் உரிமம்; இல்லாவிட்டால் மாதச் சந்தா. ஆயுள் உரிமத்துக்கு அந்தச் சனிக்கிழமையோடு கதவு அடைப்பு.

“ஆயுளே வாங்குடா. நான் பார்த்துக்கிறேன்” என்றேன்.

“வேணாம்கா. காது எத்தனை மாசம் இருக்கோ, அத்தனை மாசம் கட்டினா போதும்.”

டீயில் சர்க்கரை வேண்டாம் என்பதுபோலச் சொன்னான். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவன் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். வாய் சும்மா இராது. “என்னங்க, கல்யாணத்துலயே ஆயுள் சந்தா எடுத்தாச்சு. அன்னைக்கு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? இதுக்குப் போய் இவ்வளவு யோசனை!” என்றாள். அவன் சிரித்தான். பதில் மாறவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. மாதச் சந்தா என்றால் அவன் இசையை மூட்டை கட்ட நாள் பார்க்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் ஒரு பொத்தான் துளைகூட அளக்காமல் போட மாட்டேன். விதிமுறைகள் பதினொரு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் படித்தேன். ஆறாம் பக்கத்தில் ‘ஆயுள் முழுவதும்’ என்று இருந்தது. யாருடைய ஆயுள் என்று எழுதவில்லை. வாங்குபவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டால்? கம்பெனிக்கே கேட்டு எழுதினேன்: “யாருடைய ஆயுள்?”

சனிக்கிழமை காலை பதில் வந்தது. “இந்தப் பதிப்பின் ஆயுள்.” அடுத்த பதிப்பு வந்து இதை நிறுத்தும்வரை என்று அர்த்தம்.

ஒரு வாரமாக என் தம்பியின் ஆயுளுக்காகச் சண்டை போடுவதாக நினைத்து, முன்பின் தெரியாத ஒரு மென்பொருளின் ஆயுளுக்காகப் போட்டிருக்கிறேன்.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். “யாருடைய ஆயுள்னு கம்பெனியைக் கேட்ட முதல் ஆள் நீதான்கா!”

“சிரிக்காதடா. அப்போ நிஜமாவே விட்டுடப் போறியா?”

சிரிப்பை நிறுத்தி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தான். ஜன்னல் திரை வழியாக வெயில் பால்போலக் கசிந்தது. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு சிறிய பெட்டி: ‘தொடரலாமா?’

“பணம் தானா போற மாதிரி வைக்கலக்கா. மாசாமாசம் இது என்னைக் கேக்கும். நான் என் பாட்டைப் போட்டுப் பார்ப்பேன். எனக்குக் கேக்குதுன்னா ஆமாம்னு சொல்வேன். ஆயுளுக்கும் சேர்த்து ஒரே தடவை சொல்லிட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?”

நான் அந்தப் பெட்டியை இன்னொரு தடவை படித்தேன்.

“ஒரு உதவி பண்ணு. உச்சியில ஒரு மணி வச்சிருக்கேன். எனக்கு அது ஸ்கிரீன்ல கோடா தெரியுது, அவ்வளவுதான். உனக்குக் கேட்டதும் விரலைத் தூக்கு.”

பாட்டு தொடங்கியது. மாடிகள் ஒவ்வொன்றாகக் கீழே நழுவின. அறை மெல்ல மேலே போவதுபோல இருந்தது. சோபாவும் நாங்களும் துணி உலர்த்தும் கொடியும் எல்லாம் சேர்ந்து. கதவு பெருமூச்சு விடுவதற்கு முன்பே மணி அடித்தது. விரலைத் தூக்கினேன்.

“சீக்கிரமா வருது. கதவு மூச்சு விட்ட பிறகு வரட்டும். ஒரு இழை தள்ளி வை.”

தள்ளினான். மறுபடி போட்டான். இன்னும் அரை இழை என்றேன். மூன்றாம் தடவை மணி தைத்த இடம் தெரியாமல் உட்கார்ந்தது. நான் விரலை மெதுவாகத் தூக்கினேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. பெட்டி அங்கேயே காத்திருந்தது. ஆயுள் உரிமத்துக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

“கேட்டுச்சா?” என்றேன்.

“உன் விரல்ல கேட்டுச்சு” என்றான்.

பிறகு நான்கு வயதில் சொன்ன அதே குரலில், வாயால் ‘டிங்’ என்று சொல்லிவிட்டு, ‘ஆம்’ என்பதை அழுத்தினான்.