ரயில் நிலையத்தைக் காலி செய்த பாஸ்போர்ட் அக்கா

கடைத்தெரு ஸ்டூடியோக்காரிக்கு ‘பாஸ்போர்ட் அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஸ்டூலில் உட்காரவைத்து, மோவாயைத் தூக்கச் சொல்லி, “அசையாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளை ஓட்டியவள். மூஞ்சிகள் அலுத்துப் போயிருந்தன.

ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரைச் சில நிமிடம் திறந்தே வைத்துப் பார்த்தாள். படத்தில் மின்விசிறிக்கு இறக்கையே இல்லை. புகை மாதிரி ஒரு வட்டம். குழாய்த் தண்ணீர் பஞ்சாகியிருந்தது. ஜேஜே என்றிருந்த தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணி, ஊரையே காலி பண்ணிட்டீங்க?”

“வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் உள்ள போகுது. நடக்கிறவங்க பதியறதுக்குள்ள தாண்டிப் போயிடறாங்க. சுவர் அங்கயே நிக்குது, பதியுது.”

அன்று பிடித்தது பைத்தியம். சாயங்காலச் சாலையில் வண்டி விளக்குகளைச் சிவப்புக் கோடுகளாக்கினாள். மொட்டைமாடியில் நட்சத்திரங்களை வளைய வைத்தாள். காலித் தெருவின் படத்தைக் கடைச் சுவரில் மாட்டினாள்.

பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஆர்க்கிடெக்ட் அதன் முன்னால் நின்றுவிட்டார். ரயில் நிலையத்தின் பழைய கூடத்தைப் புதுப்பிப்பவர் அவர்.

“நாளைக்கு சாரம் கட்டிடுவாங்க. அதுக்குள்ள கூடத்தை ஆளே இல்லாம எடுக்கணும், ஆனா கூடத்தை மூட விட மாட்டாங்க. முடிஞ்சா, இனிமே எங்க கட்டடப் படம் எல்லாமே உங்களுக்குத்தான்.”

மூஞ்சிகளிடமிருந்து விடுதலை! நாத்தனாரைக் கேமராப் பைக்குக் காவலாக உட்கார வைத்து, கூடத்தின் ஓரத்தில் கேமரா முக்காலியை விரித்தாள். ஷட்டரைத் திறந்ததும் வாய் தானாகக் கத்தியது: “அசையாதீங்க!”

கூடமே சிலையானது. தலையில் பெட்டி வைத்திருந்த சுமைக்காரர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டார். படத்தில் அத்தனை பேரும் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தார்கள்.

“குரூப் ஃபோட்டோ பிரமாதம் அண்ணி!”

“சும்மா இருடி. ஐயா, அம்மா, கொஞ்சம் நடங்களேன்!”

யார் நடந்தார்கள்? சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். “நாங்க படத்துல வருவோமா?” என்றார் சுமைக்காரர்.

“வரக் கூடாது!”

“அப்புறம் எதுக்கும்மா எடுக்கிறே?”

ஜன்னல் வெயில் நழுவிக்கொண்டிருந்தது. ஷட்டரைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டு, “எடுத்தாச்சு! எல்லாரும் போகலாம்!” என்றாள். கூட்டம் கலைந்தது. ஆசை தாங்காமல் அவளும் கேமரா முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

படத்தில் அவள் இல்லை. சுமைக்காரர் இல்லை. யாருமே இல்லை. நடு பெஞ்சில் மட்டும், பையைக் கட்டிக்கொண்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி நாத்தனார். இன்னொன்று எடுக்க வெளிச்சம் மிச்சமில்லை.

“இது யாரு?” என்றார் தன் ஆபீஸில் படத்தைப் பார்த்த ஆர்க்கிடெக்ட்.

“என் நாத்தனார். பையைப் பாத்துக்கச் சொன்னேன்...” என்று இழுத்தாள் அக்கா.

அவர் படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். “மேல இருக்கிற வளைவு எவ்வளவு உயரம்னு இவங்க உக்காந்திருக்கிறதாலதான் தெரியுது. அடுத்தது ஒரு நூலகம். அங்கயும் இந்த மாதிரி ஒரு ஆளை உக்கார வைங்க.”

வெளியே வந்ததும் நாத்தனார் பையை அக்காவிடம் தள்ளினாள்.

“சும்மா உக்கார்றதுக்குத்தானே ஆள் வேணும்? எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. எத்தனை மணி நேரம் ஆனாலும் அசைய மாட்டான்.”